பாதியில் விட்டது ஏன் என்று கேளுங்கள்

மகள் வாரத்துக்கொரு புது நிரல்மொழியைக் கையில் எடுக்கிறாள், எதையும் முடிப்பதில்லை. அவளுடன் படிக்கும் பெண்ணோ கொடுத்த வேலையைச் சத்தமில்லாமல் முடித்துவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி இருந்தால் எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும் என்பது உங்கள் பயம். பயம் நியாயம்தான். ஆனால் இரண்டு பிள்ளைகளையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மென்பொருள் குழுவில் இரண்டு விதமானவர்களுக்கும் வேலை இருக்கிறது. நிரலில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியை உங்கள் மகள் தினமும் தொடுவாள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலை எழுதும் குழு, இதே வேலைக்குப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச அனுமதி போனதும், 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுத உட்கார்ந்தார். சில நாட்களிலேயே கிட்டின் நிரலைக் கிட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் நிலை வந்துவிட்டது. அதே வருடம் ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்துவிட்டு அவர் கர்னல் வேலைக்குத் திரும்பினார். அதன் பின் வருடக்கணக்காக, வருகிற திருத்தங்களைப் பார்த்து, சேர்ப்பதைச் சேர்த்து, தள்ளுவதைத் தள்ளி அதை வளர்த்தவர் ஹமானோ. அவர் பெயர் வெளியில் அவ்வளவாகத் தெரியாது, அது வேறு கதை.

சரி, உங்கள் மகளுக்கு எங்கே இடிக்கும்? கோட் ரிவ்யூவில், அதாவது ஒருவர் எழுதிய நிரலைக் குழுவில் மற்றவர்கள் படித்துப் பார்க்கும் இடத்தில். குழுவில் மற்ற யாருக்கும் தெரியாத மொழியில் ஒரு பகுதியை எழுதி வைத்தால், அது நடுராத்திரியில் நின்றுபோகும்போது திருத்தப்போவது வேறு யாரோ. சீனியர்கள் முகம் சுளிப்பது புதுமை பிடிக்காததால் என்று இவள் நினைத்துக்கொள்வாள். சுமை யார் தலையில் விழும் என்பதுதான் அவர்கள் கணக்கு. அதனால் சோதனை எல்லாம் தனி பிராஞ்சில் (முதன்மை நிரலைத் தொடாத தனிக் கிளையில்), இரண்டு மூன்று நாள் என்று கெடு வைத்து நடக்கட்டும். கெடு முடிந்ததும் என்ன தெரிந்தது என்று அரைப்பக்கம் எழுதிவிட்டு நிரலைத் தூக்கிப் போட்டாலும் நஷ்டமில்லை.

வேலைக்குப் போகுமுன் ஒன்றே ஒன்றை மட்டும் முழுசாக முடிக்கச் சொல்லுங்கள். சின்னதாக இருக்கட்டும். ஆனால் வேறு நாலு பேர் அதைப் பயன்படுத்த வேண்டும், அவர்கள் சொல்கிற பக்குகளை (நிரல் பிழைகளை) மூன்று மாதமாவது இவளே சரிசெய்ய வேண்டும். நேர்முகத் தேர்வில் எத்தனை மொழி தெரியும் என்பதைவிட இந்த அனுபவத்தைப் பற்றித்தான் நிறைய பேச முடியும். (அந்தத் தோழிக்கும் ஒரு சிக்கல் உண்டு: பழகிய கருவியைவிட்டு நகராமல் பத்து வருடம் உட்கார்ந்துவிடுவது. அதை அவள் வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும்.)

அப்புறம், திட்டாமல் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “போன மாதம் ஆரம்பித்ததை ஏன் விட்டாய்?” “தரவு அதிகமானதும் தேடல் மெதுவாகிவிட்டது, அந்த வழி சரிப்படாது என்று தெரிந்தது” என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். “போரடித்தது” என்று மட்டும் வந்தால், அவளை என்னிடம் அழைத்து வாருங்கள்.