கடலில் இருக்கும்போது கிரிப்டோ என்னாகும்?

கேள்வி: கப்பலில் வேலை. ஆறு மாதம் என்று போனால் பத்து மாதம்கூட ஆகிவிடுகிறது. கொஞ்சம் பிட்காயின் வைத்திருக்கிறேன். நான் கரைக்கு வர முடியாமல் போனால்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: பிட்காயினை எக்ஸ்சேஞ்சிலேயே, அதாவது அதை வாங்கி விற்கும் நிறுவனத்தின் கணக்கிலேயே, விட்டுவிட்டுப் போகாதீர்கள். 2018 டிசம்பரில் கனடாவின் குவாட்ரிகா எக்ஸ்சேஞ்ச் தலைவர் ஜெரால்ட் காட்டன் இந்தியாவில் இறந்தார்; கடவுச்சொல் அவரிடம் மட்டுமே இருந்தது என்றார்கள், கடைசியில் பார்த்தால் வாடிக்கையாளர் பணத்தை அவரே முன்பே கரைத்திருந்தார்! அதனால் ஹார்டுவேர் வாலட்டுக்கு, அதாவது கிரிப்டோவின் சாவியை உங்கள் கையிலேயே வைத்திருக்க உதவும் சின்னக் கருவிக்கு, மாற்றுங்கள். கருவி தொலைந்தாலும் பிட்காயினை மீட்க அது கொடுக்கும் 12 அல்லது 24 சொற்களை வரிசை மாறாமல் பேனாவால் எழுதி இரண்டு இடத்தில் பூட்டி வையுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் மனைவிக்கு அனுப்பவும் வேண்டாம். அவருக்குத் தெரிய வேண்டியது அது எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்பதுதான், கப்பலுக்குப் போகும் முன் ஒருமுறை சின்னத் தொகையை வைத்து அவரையே மீட்டெடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், சிம். 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் முடக்கலாம், பின்பு வேறொருவருக்கும் போகலாம். ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தானே வரும்? வீட்டில் யாரையாவது ரீசார்ஜ் செய்து, அவ்வப்போது ஒரு கால் போடச் சொல்லுங்கள்.