கார்த் திறப்புக்காக நிலையான வைப்பை உடைக்கலாமா?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். 2014ஆம் ஆண்டு பீ.எம்.டபிள்யூ 520டீ கார் ஒன்று வைத்திருக்கிறோம். 2023இல் இரண்டாம் கையாக, முழுக்காசு கொடுத்து வாங்கியது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளைகளோடு காலி முகத்திடலுக்குப் போனோம். இஸ்ஸோ வடை வாங்கக் காசு எடுத்தபோது விழுந்ததோ என்னவோ, கைப்பையில் இருந்த திறப்பைக் காணவில்லை. இரண்டாவது திறப்பு வீட்டில் இருந்தபடியால் இவர் ஆட்டோவில் போய் எடுத்துவந்தார். புதுத் திறப்புக்கு பீ.எம்.டபிள்யூ ஏஜென்ட் 210,000 ரூபா சொல்கிறார்கள், வற் வரி வேறு. ஜேர்மனியில் இருந்து வரச் சில கிழமை ஆகுமாம். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தெரிந்த ஒருவர் 75,000க்கு ஒரே நாளில் செய்து தருவார் என்கிறான் தம்பி. இன்னொரு கராஜில், தொலைந்த திறப்பு யார் கையில் கிடைத்தாலும் கார் போய்விடும், பூட்டு செட்டையும் உள்ளே உள்ள கொம்பியூட்டரையும் மாற்றவேண்டும் என்று 850,000 கேட்டார்கள். அதைக் கேட்டதில் இருந்து இவருக்கு நித்திரை இல்லை. மகளின் படிப்புக்குப் போட்ட 15 இலட்சம் ரூபா நிலையான வைப்பை உடைப்போம் என்கிறார். மாமி தன் காப்புச் சோடியை அடகு வைக்கச் சொல்கிறா. காப்புறுதியில் கேட்கலாமா என்றும் யோசனை. திறப்பு வளையத்தில் எங்கள் அபார்ட்மென்டின் பார்க்கிங் அட்டையும் இருந்தது.

பதில்: அந்தப் பார்க்கிங் அட்டையைப் போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் குத்தியது. வெறும் திறப்பைப் புல்லில் கண்டெடுத்தவருக்கு அது யாருடைய கார் என்று தெரியாது. கட்டடத்தின் பெயர் போட்ட அட்டையோடு கண்டெடுத்தவர் பஸ் ஏறி வந்து, கார் பார்க்கில் நின்று பொத்தானை அமத்தினால் போதும். எந்தக் காரின் விளக்கு மின்னுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ஒரு மாதமாக ஒன்றும் நடக்கவில்லை, அனேகமாகத் திறப்பு குப்பையோடு போயிருக்கும். என்றாலும் பூட்டு செட்டுக்கு முன்னால், வைப்புக்கு முன்னால், காப்புக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வீட்டில் உள்ள திறப்போடும் சீ.ஆர். என்ற வாகனப் பதிவுச் சான்றிதழின் பிரதியோடும் அடையாள அட்டையோடும் காரை ஏஜென்ட்டிடம் கொண்டுபோய், தொலைந்த திறப்பை மட்டும் செயலிழக்கச் செய்யச் சொல்லுங்கள். புதுத் திறப்புக்கு ஓடர் கொடுக்கிறீர்களோ இல்லையோ, இதை இந்தக் கிழமையே முடியுங்கள்.

அது எப்படி முடியும் என்று உங்கள் கணவருக்கு விளங்கினால் நித்திரையும் வரும், 850,000 ரூபாவும் மிஞ்சும். அந்தக் கறுப்புத் திறப்புக்குள் மூன்று சாமான்கள் இருக்கின்றன. ஒன்று, உள்ளே செருகியிருக்கும் இரும்புத் திறப்பு. பேட்டரி செத்தால் சாரதிக் கதவைத் திறக்க மட்டும் அது உதவும். இரண்டாவது, தூரத்தில் நின்று பூட்டித் திறக்கும் ரேடியோ. மூன்றாவது, பேட்டரியே தேவைப்படாத ஒரு சின்னச் சில்லு, அதாவது சிப். எஞ்ஜினை எழுப்ப அனுமதி கொடுப்பது இந்தச் சில்லுதான். ஐரோப்பாவில் 1998இல் இருந்து புதுக் கார்களுக்கு இந்த ஏற்பாடு கட்டாயம். உங்கள் காரில் சீ.ஏ.எஸ். என்ற பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் பத்துத் திறப்புகளுக்கு இடம் உண்டு. எந்தத் திறப்புகள் இந்தக் காருடையவை என்ற இடாப்பு அது. தொலைந்த திறப்பின் பெயரை இடாப்பில் வெட்டிவிட்டால், அதை வைத்திருப்பவரால் கதவை இரும்பால் திறக்கலாமே தவிர எஞ்ஜினை எழுப்ப முடியாது. பூட்டு செட் மாற்றினால் கிடைக்கும் பாதுகாப்பில் பெரும்பங்கு இந்த ஒரு வெட்டிலேயே கிடைத்துவிடுகிறது. மிஞ்சுவது, கதவைத் திறந்து உள்ளே இருப்பதை எடுப்பார்களோ என்ற பயம். அதற்குக் காருக்குள் பை, லப்டொப் வைக்காமல் விட்டால் சரி. 850,000 கேட்ட கராஜ் உங்களுக்கு விற்றது பயத்தை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவேண்டாம்.

இனி ஏஜென்ட்டா, பஞ்சிகாவத்தையா? வற் 18 சதவீதம் சேர்த்தால் ஏஜென்ட்டின் விலை 247,800. தம்பி சொன்ன ஆளோடு வித்தியாசம் 172,800 ரூபா. சின்னக் காசில்லை. இரவில் காணாமல் போன பக்கக் கண்ணாடியைக் காலையில் பஞ்சிகாவத்தையில் வாங்கலாம் என்பது கொழும்பில் பழைய பகிடி. ஆனால் அந்த வட்டாரத்தில் கைதேர்ந்த ஆட்கள் இருப்பதும் உண்மை. பழைய டொயோட்டா விட்ஸ், அக்குவா என்றால் நானே தம்பியின் ஆளிடம் அனுப்பியிருப்பேன். உங்கள் காருக்கு யோசிக்கிறேன். காரணம் அந்த சீ.ஏ.எஸ். பெட்டிதான். வெளியாட்கள் பல நேரம் அதைக் கழற்றி, உள்ளே உள்ள தரவை வாசித்து, புதுத் திறப்பின் விபரத்தைச் சேர்த்துத் திருப்பி எழுதுகிறார்கள். எழுதும்போது கார் பேட்டரியின் அழுத்தம் விழுந்தாலோ, பிழையான கோப்பு ஏறினாலோ, காலையில் ஓடிப்போன கார் பின்னேரம் லொறியில் ஏறித்தான் வரும். பிறகு நீங்கள் போகப்போவது அதே ஏஜென்ட்டிடம், 75,000த்தையும் கொடுத்த பிறகு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தக் காருக்கு வரும் திறப்புகளின் ரேடியோ அலைவரிசை சந்தைக்குச் சந்தை மாறும்: ஐரோப்பாவுக்கு 868 மெகாஹேர்ட்ஸ், ஜப்பானுக்கு 315. இங்கே வந்த கார்களில் சில இங்கிலாந்தில் இருந்தும் சில ஜப்பானில் இருந்தும் வந்தவை. மாறிய அலைவரிசைத் திறப்பை எழுதித் தந்தால் கார் எழும்பும், பொத்தான் வேலை செய்யாது. நீங்கள் இரும்பால் கதவைத் திறந்துகொண்டு திரிவீர்கள். பாவித்த திறப்பின் கூட்டை மாற்றி, புதிது என்று தருவதும் நடக்கிறது. ஆகவே தம்பியின் ஆளிடம்தான் போவதென்று முடிவெடுத்தால், என்ன அலைவரிசை, புதுத் திறப்பா, பெட்டியைக் கழற்றுவாரா, பழைய திறப்பை வெட்டித் தருவாரா, பெட்டி பழுதானால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் தராவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள். நானாக இருந்தால் ஏஜென்ட்டிடம் ஓடர் கொடுப்பேன். செசி நம்பரைக் கொண்டு உங்கள் காருக்கென்றே செய்த திறப்பு வரும். பெட்டியில் யாரும் கை வைக்கத் தேவையில்லை.

ஓடர் கொடுக்கும்போது விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சாமான்களின் அடிவிலை வெளிநாட்டுக் காசில். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து சில மாதத்துக்குள் 360ஐத் தாண்டியதை நாங்கள் யாரும் மறந்திருக்கமாட்டோம்.

காசுக்கு வருவோம். வைப்பை உடைக்கவேண்டாம். கணக்கைப் பாருங்கள், வீதங்களை நான் உதாரணத்துக்குப் போடுகிறேன், உங்கள் வைப்புச் சான்றிதழில் உள்ளதைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். 15 இலட்சம், ஒரு வருடம், 8 சதவீதம், எட்டு மாதம் ஓடிவிட்டது என்று வைப்போம். எட்டு மாத வட்டி 80,000. 10 சதவீத வரி பிடித்தபின் 72,000. இடையில் உடைத்தால் வங்கி குறைந்த வீதம்தான் தரும். 4 சதவீதம் என்றால் 40,000, வரி போக 36,000. ஒரு திறப்புக்காக 36,000 ரூபாவைக் கைகழுவுகிறீர்கள். அதோடு மகளின் காசு உடைந்து கைக்கு வந்துவிடும். 247,800 போக மிச்சம் திரும்பி வைப்புக்குப் போகும் என்று நீங்கள் நம்பலாம், நான் நம்பமாட்டேன். எத்தனையோ வீடுகளில் பார்த்தாயிற்று.

அதே வங்கியில் அந்த வைப்பை ஈடு காட்டி 250,000 கடன் கேளுங்கள். வைப்பு வட்டியைவிட இரண்டு சதவீதம் கூட, அதாவது 10 சதவீதம் என்றால், மீதி நாலு மாதத்துக்கு வட்டி 8,333 ரூபா. 36,000 எங்கே, 8,333 எங்கே? மாதாமாதம் கடன் முதலிலும் கொஞ்சம் கட்டினால் அதுவும் குறையும். கிரெடிட் கார்ட்டில் தவணை முறை கிடைத்தால் கையாளல் கட்டணத்தை ரூபாவில் கேட்டு இந்த 8,333ஓடு ஒப்பிடுங்கள்; வட்டியில்லாத் தவணை என்ற சொல்லில் மயங்கவேண்டாம். தவணையாக மாற்றாமல் சும்மா கார்ட்டில் இழுத்துவிட்டு இழுபடவிட்டால், 26 சதவீதத்தில் மாதம் ஒன்றுக்கு 5,300க்கு மேல் வட்டி மட்டும் போகும். மாமியின் காப்பு மாமியின் கையிலேயே இருக்கட்டும். பெரிய மனசுக்காரி, அவவுக்கு என் வணக்கம்.

காப்புறுதியில் அறிவிப்பது வேறு, கிளெய்ம் பண்ணுவது வேறு. அறிவிப்பதை உடனே செய்யுங்கள். பொலிஸில் ஒரு முறைப்பாடு போட்டு அதன் பிரதியை எடுங்கள். திறப்பு தொலைந்தது, இந்தத் திகதியில் செயலிழக்கச் செய்தோம் என்று காப்புறுதிக் கம்பனிக்கு ஒரு கடிதம் அனுப்பி, கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். நாளைக்குக் கார் களவு போய், அப்போதுதான் ‘ஒரு திறப்பு முதலே தொலைந்தது’ என்று சொன்னால், கவனக்குறைவு என்று இழுத்தடிக்க நீங்களே நூல் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். பணமாக நீங்கள் காக்கவேண்டியது காரின் முழுப் பெறுமதியை.

கிளெய்ம் விஷயத்தில் அவசரப்படவேண்டாம். முதலில் திறப்புத் தொலைவது உங்கள் பொலிசியில் அடங்குகிறதா என்று பாருங்கள். முழுக் காப்புறுதி என்ற பெயரில் இருப்பதால் எல்லாம் அடங்கிவிடாது. அடங்கினாலும் எக்ஸெஸ், அதாவது நீங்களே பொறுக்கவேண்டிய பங்கு, போக எவ்வளவு கைக்கு வரும், கிளெய்ம் பண்ணாதவருக்குக் கட்டணத்தில் தரும் கழிவான நோ கிளெய்ம் போனஸ் எத்தனை படி இறங்கும் என்று கேளுங்கள். கழிவுக்கு முந்திய கட்டணம் 400,000, இப்போது போனஸ் 50 சதவீதம் என்றால் 200,000 கட்டுகிறீர்கள். கிளெய்மினால் அது 30க்கு இறங்கினால் அடுத்த வருடமே 280,000. பழைய படிக்கு ஏறும்வரை ஒவ்வொரு வருடமும் மேலதிகம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்து மிஞ்சினால் மட்டும் கேளுங்கள்.

இவ்வளவு செலவழித்து இரண்டாம் திறப்பு எதற்கு, இருக்கிற ஒன்றோடு ஓட்டுவோமே என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். அதை நான் செய்து பார்த்தவன். 2018இல் ஜப்பானில் இருந்து வந்த ஒரு காரை ஒரே திறப்போடு வாங்கினேன். இன்றைக்குச் செய்வோம், நாளைக்குச் செய்வோம் என்று இரண்டு வருடம் போயிற்று. ஒரு நாள் பெந்தோட்டையில் காற்சட்டைப் பையில் திறப்போடு கடலில் இறங்கிவிட்டேன். உப்புத் தண்ணீர் குடித்த திறப்பு ஒரு சத்தமும் போடவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு உடுத்துப்போன சேர்ட்டோடு, அறுபது கிலோமீற்றருக்கு மேல் கெரியர் லொறியில், என் காருக்கு முன்னால் உட்கார்ந்து கொழும்புக்கு வந்தேன். லொறிக் கூலி ஒரு பக்கம். வேலை செய்யும் திறப்பு ஒன்று கையில் இருந்தால் இன்னொன்றைச் சேர்ப்பது சின்ன வேலை; ஒன்றுமே இல்லையென்றால் காரே உங்களை ஆள் தெரியாது என்கிறது, கூலி பல மடங்காகிறது. உங்களுக்கு இன்னும் ஒன்று இருக்கிறது. அதனால்தான் சில கிழமை பொறுத்து, விலை பேசி, மலிவான வட்டியில் வாங்க நேரம் கிடைத்திருக்கிறது.

புதுத் திறப்பு வரும்வரை காரை எடுத்துக்கொண்டு தூரப் பயணம் போகவேண்டாம். அபார்ட்மென்ட் காவலாளிக்கும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள், பார்க்கிங் அட்டையின் நம்பரை மாற்றித் தரச் சொல்லுங்கள். வந்த பிறகு வளையத்தில் வீட்டுப் பெயர், கட்டடப் பெயர் எதையும் கோர்க்கவேண்டாம். ஒரு போன் நம்பர் எழுதிய சின்னத் தகடு போதும்.