கேம் பதில்கள்: செத்துச் செத்துப் பொழைக்கிற ஒரு கேம்

கேள்வி: சூப்பர் மீட் பாய் ஆட ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆச்சு. ஒரே லெவல்ல நூறு தடவைக்கு மேல செத்திருப்பேன், ஆனா ஆஃப் பண்ண மனசே வரல. மத்த கஷ்டமான கேம்னா பத்தாவது தடவையே மூடி வெச்சுடுவேன். இதுல மட்டும் ஏன் இப்படி?

பதில்: செத்த அடுத்த நொடி என்ன நடக்குதுன்னு கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. ஹீரோ மீட் பாய், அந்தக் குட்டி மாமிசத் துண்டுப் பையன், ரம்பத்துல மோதி சிதறுறான், நீங்க அய்யோன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள மறுபடி ஆரம்பத்துல வந்து நிக்கிறான். கேம் ஓவர்னு ஸ்க்ரீன் வராது, லோடிங் கிடையாது, வார்ப் ஸோன்னு ஒளிஞ்சிருக்கற போனஸ் லெவல்களை விட்டா லைஃப் கணக்கும் கிடையாது. லெவலும் குட்டி குட்டியா இருக்கறதால செத்தா உங்களுக்கு நஷ்டம் சில செகண்டுதான். பழைய கேம்ல கடைசி குழியில விழுந்தா அரை மணி நேர உழைப்பு போயிடும், அந்தக் கடுப்புலதான் நாம மூடி வெச்சோம், கஷ்டத்துனால இல்லங்க.

அப்புறம் கன்ட்ரோல். ஓட ஒரு பட்டன், குதிக்க ஒரு பட்டன், அவ்ளோதான். சுவத்துல ஒட்டி சறுக்கலாம், அங்கேருந்து தாவலாம், காத்துல இருக்கும்போதே திரும்பலாம். யாரையும் அடிக்க முடியாது, தப்பிக்கத்தான் முடியும். விரல் சொன்னத அவன் அப்படியே செய்யறதால தப்பு நம்மளோடதுன்னு நமக்கே தெரியுது, அதான் இன்னொரு தடவைன்னு கை போகுது. அவன் தொட்ட இடமெல்லாம் செவப்பா கறை நிக்கும், எங்க தாவினோம் எங்க சறுக்கினோம்னு சுவத்துலயே பாத்துக்கலாம்.

எனக்கு ரொம்பப் புடிச்சது லெவல் முடிஞ்சதும் வர்ற ரீப்ளே. நீங்க ஆடின பல தடவையும் ஒண்ணா ஓடும், மீட் பாய்ங்க கூட்டமா கெளம்பி, மொத ரம்பத்துல பாதி பேர் போய், அடுத்த தாவல்ல இன்னும் கொஞ்சம் பேர் போய், கடைசில ஒரே ஒருத்தன் அவன் காப்பாத்த வேண்டிய காதலி பேண்டேஜ் கேர்ள்கிட்ட போய் சேருவான். அதப் பாக்கும்போது செத்தது எதுவும் வீணா போன மாதிரியே தோணாது.

கேள்வி: இத வெறும் ரெண்டு பேர்தான் செஞ்சாங்கன்னு ஃப்ரெண்ட் சொல்றான். உண்மையா?

பதில்: கிட்டத்தட்ட உண்மைதான். இத செஞ்ச டீம் மீட்னா எட்மண்ட் மெக்மில்லன், டாமி ரெஃபினஸ் ரெண்டு பேர்தான். டிசைனும் படமும் எட்மண்ட், ப்ரோகிராமிங் டாமி. மியூசிக் மட்டும் டானி பரனோவ்ஸ்கி. எட்மண்ட் கலிஃபோர்னியாவுல, டாமி நார்த் கரோலினாவுல, அமெரிக்காவோட ரெண்டு ஓரத்துல உக்காந்து வேல பாத்தாங்க. இதுக்கு முன்னாடி 2008-ல எட்மண்டும் ஜோனத்தன் மெக்என்டியும் மீட் பாய்னு ப்ரௌசர்ல ஆடற ஒரு சின்ன ஃப்ளாஷ் கேம் போட்டாங்க, அது நல்லா ஓடினதுலதான் இது பொறந்துச்சு. நின்டெண்டோ வீ கன்சோலுக்கான டவுன்லோட் சேவையான வீவேர்லயும் வர்றதா இருந்துச்சு, ஆனா அங்க 40 எம்பிக்குள்ள மொத்த கேமையும் அடக்கணும், முந்நூறு லெவலுக்கு மேல உள்ள கேமை எப்படி அடக்குறது, விட்டுட்டாங்க.

எக்ஸ்பாக்ஸ்ல 2010 அக்டோபர்ல வெளியாச்சு. அந்தத் தேதிய புடிக்க கடைசி ரெண்டு மாசம் சரியான தூக்கமில்லாம வேல பாத்திருக்காங்க. 2012-ல வந்த இண்டி கேம்: தி மூவி டாக்குமெண்டரில டாமி முகத்தப் பாத்தாலே அந்தக் களைப்பு தெரியும். நல்ல கேம் செய்ய உடம்ப இப்படி வருத்திக்கணும்னு நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா பலன் பெருசா வந்துச்சு, விமர்சகர்கள் தூக்கி வெச்சுக் கொண்டாடினாங்க, விமர்சன மார்க்குகளோட சராசரி போடற மெட்டாக்ரிட்டிக் சைட்ல நூத்துக்கு 90, 2012 ஆரம்பத்துலயே பத்து லட்சம் காப்பி வித்தாச்சு. ரொம்ப கஷ்டம்னு கொறை சொன்னவங்களும் உண்டு, அவங்களுக்கு இது ஒத்துவராதுதான்.

கேள்வி: பிஎஸ்4-ல பாட்டு வேற மாதிரி கேக்குதே, என் காதுதான் கோளாறா?

பதில்: காது சரியாத்தான் இருக்குங்க. 2015-ல பிஎஸ்4-க்கு வந்தப்போ டானியோட பாட்ட எடுத்துட்டு வேற ஆளுங்களோட மியூசிக் போட்டாங்க. புதுசும் மோசமில்ல, ஆனா மொத காட்டு லெவலுக்கு பழைய பாட்டுதான் சரியான வேகம் குடுக்கும், முடிஞ்சா பிசில ஒரு தடவ கேட்டுப் பாருங்க.