கடன் கொடுத்தவனுக்கு கான்டாக்ட்ஸ் எதற்கு?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியாத ஒரு வாரம், கடன் செயலி ஒன்றில் 8,000 ரூபாய் கேட்டேன். பிடித்தம் போக 5,200தான் வந்தது. ஏழே நாளில் 8,000 கட்டச் சொன்னார்கள். ஒரு நாள் தாமதமானதற்கு, என் மனைவியின் படத்தை ஆபாசமாக மாற்றி, எனக்கு வெள்ளி கொடுக்கும் வியாபாரி உள்பட பலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். முழுதும் கட்டிய பிறகும் இன்னும் 6,000 கேட்கிறார்கள். “கான்டாக்ட்ஸ், கேலரி அனுமதி நீயே கொடுத்ததுதானே” என்று மிரட்டல் வேறு. போலீசுக்குப் போனால் இருக்கிற மானமும் போகுமோ? புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். 6,000 கட்டினால் அடுத்த தொகை தயாராக இருக்கும். கணக்கைப் பாருங்கள்: 5,200க்கு ஒரு வாரத்தில் 2,800, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 54 ரூபாய். மீட்டர் வட்டிக்காரரே கூசுவார்.

அனுமதி கொடுத்தீர்கள் என்பது வெறும் பூச்சாண்டி. கடன் செயலிகள் கான்டாக்ட்ஸ், அழைப்புப் பட்டியல், படங்கள் எதையும் தொடக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆளைச் சரிபார்க்க மட்டும் கேமரா, மைக், லொகேஷனை ஒருமுறை கேட்கலாம். கூகுள் பிளே ஸ்டோரும் 2023 மே 31 முதல் தனிநபர் கடன் செயலிகளுக்கு இதே தடையைப் போட்டிருக்கிறது. கேட்டதே தப்பு என்னும்போது, நீங்கள் ‘ஓகே’ தட்டியதால் அது சரியாகிவிடாது. (லிங்க் வழியாக இறக்கிய செயலியோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.)

அடுத்து, கடன் கொடுத்தது யார்? ஒப்பந்தப் பக்கத்தையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் பாருங்கள். ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனம் என்றால், “செயலி வேறு, நாங்கள் வேறு” என்று அது கைகழுவ முடியாது. அங்கே எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். பதிவே இல்லாத கும்பல் என்றால், தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தையும் போலீஸ் புகாரில் சேர்க்கச் சொல்லுங்கள்.

செயலியை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட்: கடன் பக்கம், அனுமதிப் பக்கம், பணம் போன யுபிஐ பெயர், மிரட்டிய எண்கள். அப்புறம் அனுமதிகளை நிறுத்துங்கள். வியாபாரியின் போனில் வந்த செய்தி அழியாமல் அங்கேயே இருக்கட்டும். உங்களுக்கு ஃபார்வர்ட் செய்தால் அனுப்பியவன் எண் அதில் இருக்காது. நீதிமன்றத்தில் அதைக் காட்ட புதிய சாட்சியச் சட்டம் (2023) பிரிவு 63-இன் கீழ் சான்றிதழும் வேண்டும். “இது பொய்ப் படம்” என்று சொந்தக்காரர் குரூப்பில் யாரும் அந்தப் படத்தைப் போட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் (ஐ.டி.) சட்டம் பிரிவு 67-இல் சிக்கலாகும்.

இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். மிரட்டிப் பணம் பறித்ததற்கு பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 308, ஆபாசப் படத்துக்கு ஐ.டி. சட்டம் 67. எல்லை எங்களுடையது இல்லை என்று எந்த ஸ்டேஷனிலும் திருப்பி அனுப்ப முடியாது, பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173 அதற்குத்தான். வாட்ஸ்அப்பின் குறைதீர் அதிகாரிக்கு உங்கள் மனைவியோ, அவர் சார்பில் நீங்களோ எழுதலாம். மார்ஃபிங் படம் பற்றிய புகாரில் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை வேண்டும் என்று 2021 ஐ.டி. விதிகளில் இருந்தது, 2026 பிப்ரவரியில் அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள்.

நஷ்டஈடு விஷயத்தில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அபராதம் 250 கோடி வரை போகலாம், ஆனால் அது அரசு கஜானாவுக்கு. உங்களுக்கான வழி பழைய ஐ.டி. சட்டம்தான். பிரிவு 43, 46-இன் கீழ் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் முன் 5 கோடி வரை இழப்பீடு கேட்கலாம். எதிராளியின் பெயர், முகவரி தெரிந்தால்தான் அது நடக்கும். அதனால்தான் கடன் கொடுத்தவரைத் தேடச் சொன்னேன்.

மானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். புகார் ரசீதை எடுத்துக்கொண்டு, முதலில் அந்த வெள்ளி வியாபாரியை நேரில் போய்ப் பாருங்கள். உங்களை நம்பி வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறவர், அந்த ரசீதையும் படித்துப் பார்ப்பார்.