பட்டியலில் இல்லாத விடை – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சேர்,

என் மகன் ஒன்பதாம் தரத்தில் படிக்கிறான். ஆங்கிலத்தில் 'ஃபாஸ்ட்' பெயரடை என்று பாடசாலைக் கொப்பியில் இருக்கிறது. ரியூசன் தாளில் அதே சொல் வினையடைப் பட்டியலில் இருக்கிறது. சொல்வகைகள் ஒரு புத்தகத்தில் எட்டு, இன்னொன்றில் ஒன்பது. எல்லாவற்றையும் பாடமாக்கிவிட்டு, எதை எழுதுவது என்று தெரியாமல் நிற்கிறான். தமிழ் இலக்கணத்தில் நல்ல புள்ளி எடுக்கிற பிள்ளை இதில் ஏன் தடுமாறுகிறான்?

ஒரு தாய், கோப்பாய்

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு ஆசிரியர்களும் சொன்னது சரி. தவறு, வாக்கியத்தை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் பட்டியலில் ஏற்றியதில்தான். எத்தனையோ ஆங்கிலச் சொற்களுக்குத் தனியாக நிற்கும்போது வகை சொல்ல முடியாது. வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறதோ அதுதான் வகை.

உங்கள் மகனின் சொல்லையே பாருங்கள். 'எ ஃபாஸ்ட் பஸ்' என்றால் பஸ் எப்படிப்பட்டது என்று சொல்கிறது, பெயரடை. 'த பஸ் ரன்ஸ் ஃபாஸ்ட்' என்றால் ஓடும் விதத்தைச் சொல்கிறது, வினையடை. இதோடு முடியவில்லை. கந்தசஷ்டிக்கு வீட்டில் அம்மம்மா விரதம் இருக்கிறார் அல்லவா? 'ஷி ஃபாஸ்ட்ஸ்' என்று எழுதினால் அது வினை. அந்த ஆறு நாள் விரதம் 'எ ஃபாஸ்ட்', இப்போது பெயர். எழுத்தும் ஒலியும் ஒன்றே, வகையோ நான்கு. 'ரவுண்ட்' என்ற சொல் இதற்கும் மேலே போய் ஐந்து வகையாக நிற்கும்.

தமிழில் கெட்டிக்காரப் பிள்ளை ஏன் தடுமாறுகிறான் என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவனுடைய தமிழறிவே அவனை வேறு இடத்தில் தேடவைக்கிறது. வேகம், வேகமான, வேகமாக என்று தமிழில் சொல்லின் ஈறே வேலையைச் சொல்லிவிடும். 'நாய் பூனையைத் துரத்தியது', 'பூனையை நாய் துரத்தியது' இரண்டும் ஒன்றுதான். 'ஐ' உருபு எங்கே போனாலும் கூடவே போகிறது. ஆங்கிலத்தில் 'டோக்', 'கேட்' இரண்டையும் இடம் மாற்றினால் பூனை நாயைத் துரத்தத் தொடங்கிவிடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்த பழைய ஆங்கிலத்திலும் வேற்றுமை ஈறுகள் இருந்தன. பின்வந்த நூற்றாண்டுகளில் அவை பெரும்பாலும் தேய்ந்துபோக, அந்த வேலையைச் சொல் நிற்கும் இடம் ஏற்றுக்கொண்டது. உங்கள் மகன் சொல்லுக்குள்ளே அடையாளம் தேடுகிறான். அடையாளம் பல வேளைகளில் பக்கத்துச் சொல்லில் இருக்கிறது. இதை யாராவது அவனுக்கு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

'ஐ வென்ட் நல்லூர்' என்று நம் பிள்ளைகள் எழுதுவதும் இதனால்தான். 'நல்லூருக்கு' என்பதில் 'கு' பெயரின் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'டு' பெயருக்கு முன்னால் தனியாக நிற்க வேண்டும். சிவப்புப் பேனையால் சுழித்துவிடுவதை விட, 'உன் கு எங்கே?' என்று கேட்டால் பிள்ளை தானாகத் திருத்திக்கொள்ளும்.

எட்டா, ஒன்பதா என்பதற்காக நித்திரையைக் கெடுக்க வேண்டாம். கிரேக்க மொழிக்கு எட்டு வகை என்று பழைய அலெக்சாந்திரிய நகரத்து அறிஞர் மரபில் வகுத்தார்கள். லத்தீனில் ஆர்ட்டிகிள் (ஆங்கிலத்தின் 'எ', 'த' போன்ற சொல்) இல்லாததால் இலக்கணக்காரர் அதை விட்டு, வியப்புச் சொல்லைச் சேர்த்து எட்டைக் காப்பாற்றினார்கள். ஆங்கிலம் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டது. 1795இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் இலக்கணம் ஆர்ட்டிகிளைத் தனியாக எண்ணி ஒன்பது என்றது. இன்றைய நூல்கள் 'எ', 'த', 'திஸ்', 'மை' போன்றவற்றை டிட்டர்மினர் என்ற ஒரே வகைக்குள் வைக்கின்றன. பரீட்சைக்கு, பாடசாலைப் புத்தகம் சொல்லும் எண்ணிக்கையை எழுதட்டும்.

நம் இலக்கணமோ பெயர், வினை, இடை, உரி என்று நான்கில் நிற்கிறது. இரண்டு கணக்கையும் ஒரே தலையில் வைத்திருந்தவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலக் கல்வி பெற்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளைதான் பின்னாளில் தொல்காப்பியத்தைப் பதிப்பித்தவர். ஒரு மொழியின் இலக்கணம் மற்றதற்கு இடைஞ்சல் என்று அவர் ஒதுங்கவில்லை. இன்று நம் வகுப்புகளில் தமிழ்ப் பாடமும் ஆங்கிலப் பாடமும் ஒன்றை ஒன்று திரும்பிப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். பட்டியலை மூடி வையுங்கள். ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு சிறு செய்தியை எடுத்து, மூன்று வாக்கியங்களை மட்டும் அவன் முன் வையுங்கள். 'த' வரும் இடத்தில் பென்சிலை வைத்து, அது எந்தப் பெயருக்காகக் காத்திருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். நடுவில் ஏதாவது சொல் நின்றால், அது அந்தப் பெயரைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேளுங்கள். 'த வெரி ஓல்ட் டெம்பிள்' என்று வந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள்: 'ஓல்ட்' கோவிலைச் சொல்கிறது, 'வெரி' அந்தப் பழமையின் அளவைச் சொல்கிறது. பெயரடையைத் தழுவி நிற்பதும் வினையடைதான். பிள்ளைகள் அதிகம் வழுக்குகிற இடம் இது.

ரியூசன் ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரு வாக்கியம் எழுதித் தரும்படி கேளுங்கள்.

அன்புடன்.