ஹோம்பில்ட் விமானத்துல, அதாவது சாதாரண ஆளுங்க வீட்டுலயே கட்டிக்கிற விமானத்துல, உண்மையான முன்னோடி யாரு? அமெரிக்க டிசைனர் பர்ட் ரூட்டன் மட்டும்தானா?

நீங்க கேட்டிருக்கிற விதத்த பாத்தா காலேஜ் செமினாருக்கு ஒரு பேர் தேடுறீங்கன்னு தோணுது. கேள்விக்கு கீழயே "மத்தவங்க எல்லாம் சும்மா பிளான் வரைஞ்சு வித்தவங்கதானே, அவங்களையும் முன்னோடின்னு சொல்லணுமா"ன்னு ஒரு வரி சேத்திருக்கீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த பதில். நான் டிராஃப்ட்ஸ்மேன், டிராயிங் போடுறதுதான் என் வேலை, அந்த "சும்மா"வ பாத்துட்டு பேசாம போக முடியல.

முன்னபின்ன நாம பாத்தே இருக்காத ஒருத்தன், விமானத்துல ஒரு ஆணி கூட அடிச்சு பழக்கமில்லாதவன், நம்ம டிராயிங்க மட்டும் கையில வச்சுக்கிட்டு கராஜ்ல கட்டி முடிச்சு, பறந்து, உயிரோட இறங்கணும். அத நடத்திக் காட்டினவன்தான் இந்தத் துறையில முன்னோடி. ரூட்டன் ஃபேன்ஸ் சண்டைக்கு வர வேணாம், அவரும் இதுல வர்றார், ஆனா அவரோட வாயேஜர் விமானத்துக்காக இல்ல. 1986-ல எங்கயும் இறங்காம, நடுவுல பெட்ரோலும் போடாம ஒன்பது நாள்ல உலகத்த சுத்தி வந்தது பெரிய விஷயம்தான், இல்லன்னு யாரு சொன்னா, ஆனா அது ஒரே ஒரு விமானம். 1975-ல பறந்த அவரோட குட்டி விமானம் வேரிஈஸிதான் ஊர்ல உள்ளவன் எல்லாம் கட்டினது. மோல்டே கிடையாது, ஃபோம் கட்டைய சூடான கம்பியால இறக்கை ஷேப்புக்கு அறுத்து, மேல ஃபைபர்கிளாஸ் துணிய விரிச்சு எபாக்ஸி பசை தடவுறது, அவ்வளவுதான். பிளான எடுத்த எடுப்புலயே இறக்கைல கை வைக்க விடமாட்டார், மொதல்ல சின்ன துண்டுல ஃபைபர்கிளாஸ் வேலைய பழகிக்கன்னு ஒரு பாடம் இருக்கும். டிராயிங் போடுறவனுக்கு எதிர்ல இருக்கிறவன் யாருன்னு தெரிஞ்சிருந்தாதான் அப்படி யோசிக்க வரும். 1985-ல, எவனோ தப்பா கட்டி விழுந்தாலும் கேஸ் நம்ம மேல வரும்ங்கிற கவலைல பிளான் விக்கிறதையே நிறுத்திட்டார், அது வேற கதை.

டிராயிங் தப்பா போனா என்ன ஆகும்னு தெரியணும்னா பிரான்ஸ்காரர் ஆன்ரி மின்யேவ படிங்க. 1933-ல அவரோட ஃப்ளையிங் ஃப்ளீங்கிற குட்டி விமானம் பறந்துச்சு, அடுத்த வருஷம் கட்டுற முறைய புஸ்தகமாவே போட்டுட்டார், ஐரோப்பா முழுக்க ஆளாளுக்கு கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஐலரானே (விமானத்த பக்கவாட்டுல சாய்க்கிற இறக்கை மடிப்பு) கிடையாது, முன் இறக்கைய அப்படியே சாய்ச்சு மூக்க ஏத்தி இறக்கணும், பின்னாடியே ஒட்டினாப்புல இன்னொரு இறக்கை. லேசா டைவ் ஆகும்போது ஸ்டிக்க இழுத்தா, முன் இறக்கை தள்ளுற காத்து நடுவுல இருக்கிற குறுகின இடைவெளி வழியா போய் பின் இறக்கைக்கும் லிஃப்ட் (மேல தூக்குற விசை) குடுத்து வால தூக்கிடும், மூக்கு மேல வரவே வராது. அச்சு பிசகாம டிராயிங்படி கட்டினவங்களே செத்தாங்க. விண்ட் டனல்ல வச்சு பாத்தப்புறம்தான் காரணம் தெரிஞ்சுது, 1936-ல பிரிட்டன்ல பறக்க பெர்மிட் குடுக்கிறத நிறுத்திட்டாங்க. அதுக்காக அவர திட்ட எனக்கு மனசு வரல, சாதாரண ஆளுக்கு பறக்கிற ஆசைய கிளப்பிவிட்ட மனுஷன் அவர்.

1953-ல அமெரிக்கால வீட்டுல விமானம் கட்டுறவங்களுக்கான இஏஏ அமைப்ப ஆரம்பிச்ச பால் பொபரெஸ்னிய எல்லாரும் எழுதுவாங்க, நான் நீட்டல. 1955-ல ஒரு பத்திரிகைல 800 டாலருக்குள்ள பேபி ஏஸ்ங்கிற குட்டி விமானம் கட்டுறது எப்படின்னு தொடர் எழுதினாரே, அத மட்டும் விட்றாதீங்க.

என் ஓட்டு ஆர்வி வகை விமானங்கள டிசைன் பண்ண ரிச்சர்ட் வேன்கிரன்ஸ்வனுக்கு. இது படிச்சு சொல்றது இல்ல. தெரிஞ்சவர் ஒருத்தர் கராஜ்ல ஆர்வி-7 கிட் (விமானம் பாகம் பாகமா வரும், நாமதான் கோக்கணும்) வாங்கிப்போட்டு இறக்கை கட்டிட்டு இருந்தார், ரிவெட் (தகடுகள சேத்து இறுக்குற உலோக ஆணி) அடிக்க ரெண்டு பேர் வேணும்னு லீவு நாள்ல என்ன கூப்பிடுவார். அவர் வெளியில ரிவெட் கன், நான் உள்ள கைய விட்டு பக்கிங் பார் (ரிவெட்டோட மறுமுனை நசுங்க முட்டுக் குடுக்கிற உலோகக் கட்டை) பிடிச்சிருப்பேன், மணிக்கட்டு வரைக்கும் அதிரும். ரிவெட்டோட மறுமுனைல நசுங்கி உருவாகுற தலை, தண்டோட அகலத்துல ஒன்றரை மடங்கு அகலம், பாதி உயரம் இருக்கணும், கேஜ் வச்சு பாத்து இல்லன்னா டிரில் பண்ணி எடுத்துட்டு திரும்ப அடிக்கணும். ஆனா என்ன அசர வச்சது ரிவெட் இல்ல, துளை. ஃபேக்டரிலயே ஸ்கின்லயும் (வெளித் தகடு) ரிப்லயும் (உள்ள இருக்கிற சட்டம்) துளை போட்டு வருது, ஒண்ணு மேல ஒண்ணு வச்சு கிளீகோங்கிற தற்காலிக பின்ன மாட்டினா (முள்ளம்பன்றி மாதிரி நிக்கும்) அளவு டேப் இல்லாமலே இறக்கை நேரா வந்துடுது, முறுக்கு கிடையாது. டிராயிங்க தகரத்துக்குள்ளயே வச்சு அனுப்பியிருக்காங்க! அப்புறம் எல்லாத்தையும் கழட்டி, ஒவ்வொரு துளையிலயும் பிசிறு எடுத்து, மறுபடி மாட்டுறது முதுகு ஒடியிற வேலைதான். துளைய துளையோட சேர்க்கிற யோசனைக்கு ஜான் தார்ப்போட டி-18 விமானம் முன்னாடியே வழி காட்டிடுச்சு, தெரியும், அத சொல்லிட்டு யாரும் வராதீங்க. ஆனா ஆர்வி-3 1971-ல பறந்ததுல இருந்து இதுவரைக்கும் 11,000-க்கு மேல ஆர்வி வானத்துக்கு போயிருக்கு. ஹோம்பில்ட்ல வேற யாரும் இந்த எண்ணிக்கை பக்கமே வரல.

"கிட்ல வந்தத கோத்தா கட்டினதா ஆகுமா"ன்னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பார். அமெரிக்கால பாதிக்கு மேல வேலைய அமெச்சூர்தான் பண்ணியிருக்கணும்னு சட்டமே இருக்கு. சந்தேகம்னா ஒரே ஒரு நாள் பக்கிங் பார் பிடிச்சு பாருங்க சார்.

டிராயிங்னு பேச்சு வந்ததால சொல்றேன், சம்பந்தமில்லன்னு தோணினா தாண்டி போங்க. நான் முன்ன வேலை பாத்த கம்பெனில டைட்டில் பிளாக்ல (டிராயிங் மூலைல விவரம் எழுதுற இடம்) "வரைந்தவர்"னு இருக்கிற கட்டத்துல என் பேர எடுத்துட்டு மேனேஜர் தன் பேர போட்டுக்குவார். கேட்டா "கிளையன்ட் ஒரே பேர்தான் கேக்குறாங்க"ம்பார். டாலரன்ஸ்ல (அளவு எவ்வளவு பிசகலாம்ங்கிற கணக்குல) பிரச்சனைன்னு ஃபோன் வந்தா மட்டும் அந்த ஒரே பேர் எங்க போகுமோ, என் சீட்டுக்கு ஆள் வந்துடும். இதுல டிராஃப்டிங் என்ன பெரிய வேலை, சாஃப்ட்வேரே போட்டுடுதேன்னு வேற பேச்சு.

சரி, செமினார்ல ஒரே ஸ்லைடுதான் இடம்னா வேன்கிரன்ஸ்வன். ரெண்டுன்னா மின்யேவையும் போடுங்க, அந்த இறக்கை இடைவெளிய படமா வரைஞ்சு காட்டினா கேள்வி கேக்குறவங்களும் அடங்குவாங்க. படம் வேணும்னா மெசேஜ் பண்ணுங்க, வரைஞ்சு தர்றேன், கீழ என் பேர் இருக்கும், அத அழிக்காம போடணும்.