சண்முகமும் ஜோ மின்னும் ஒரே பிள்ளைதான்

வாசகர் கேள்வி - பதில் (2025 ஆகஸ்ட் இதழ்; தேதிகளும் கட்டணங்களும் அன்றைய நிலவரம்)

கேள்வி: ஐயா, என் பெரிய மகன் 2023 ஆகஸ்டில் அமெரிக்காவில் இந்தியானாவுக்குப் படிக்கப் போனான். இப்போது இங்கிருந்து பணம் அனுப்ப எங்களால் முடியவில்லை. டி.பி.எஸ். என்று ஒன்று இருக்கிறது, மனுப் போட்டால் வேலை அட்டை கிடைக்கும் என்று கூடப் படிக்கிற பையன்கள் சொல்கிறார்களாம். பிறப்புச் சான்றும் குடும்பப் பட்டியலும் அனுப்பச் சொல்கிறான். பட்டியலின் படத்தை உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். பிறப்புச் சான்றில் அவன் பெயர் சண்முகம், பாஸ்போர்ட்டில் ஜோ மின். விசாவில் எஃப்.என்.யு. என்று வேறு ஏதோ இருக்கிறதாம். என் வீட்டுக்காரருக்கு, இணைக் குடிமக்களுக்குத் தருகிற நீல அட்டை. "நீ பர்மாக்காரனே இல்லை" என்று தள்ளிவிடுவார்களோ? சின்னவனுக்கு 19 வயது. அவனையும் இதில் சேர்க்க வழி உண்டா?
- ஒரு வாசகி, தன்லின் (பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன)

பதில்: தங்கச்சி, சின்னவன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வழி இல்லை. டி.பி.எஸ். என்பது, சொந்த நாட்டு நிலைமை மோசமென்று அங்கே திருப்பி அனுப்பாமல் அமெரிக்கா தருகிற தற்காலிகப் பாதுகாப்பு. அது அமெரிக்காவுக்குள் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு மட்டும். பர்மாக்காரர்கள் 2024 மார்ச் 21 முதல் தொடர்ந்து அங்கே வசித்திருக்க வேண்டும், மே 26 முதல் நாட்டை விட்டு வெளியே போகாமல் இருந்திருக்க வேண்டும். அண்ணன் மனுவில் தம்பியைச் சேர்க்க இடமே கிடையாது. அப்பா, அம்மா, பிள்ளை என்று யாராக இருந்தாலும் அவரவர் மனு அவரவருக்கு. போதாததற்கு, இந்த 2025 ஜூன் 9 முதல் பர்மா பாஸ்போர்ட்டுக்குப் பெரும்பாலான விசாக்களையே அமெரிக்கா நிறுத்தி வைத்திருக்கிறது. இங்கே இளைஞர்களைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எடுக்கும் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்து இதே கேள்வியோடு வாரத்துக்கு நாலு பேர் என் மேசைக்கு வருகிறார்கள். எல்லோருக்கும் இதையேதான் சொல்கிறேன். சின்னவனை வைத்து யாராவது "டி.பி.எஸ். வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

பெரியவனுக்கு வருகிறேன். பர்மாவுக்கு இந்தப் பாதுகாப்பு 2021 மே 25இல் வந்தது. இரண்டு தடவை நீட்டினார்கள். இப்போதைய தவணை 2025 நவம்பர் 25 வரை. மனுவுக்கு ஐ-821, வேலை அட்டைக்கு ஐ-765, இரண்டையும் சேர்த்தே போடலாம். 2025 ஜூலை 21 வரை முதல் மனுவுக்கு 50 டாலர்தான். ஜூலை 22 முதல் 500. வேலை அட்டைக்குப் பழைய கட்டணம் போக இன்னொரு 550 டாலர் புதிதாக ஏறியிருக்கிறது, அதில் தள்ளுபடியும் கிடையாது. அட்டை வர மாதக்கணக்கில் ஆகும். தவணையோ இன்னும் மூன்று மாதம். வேலைக்காக மட்டும் என்றால், உங்கள் வீட்டு நிலைமையில் எனக்கு இது கட்டுப்படியாகிற கணக்காகத் தெரியவில்லை. ஜூன் மாதம் நேபாளத்துக்கு "முடிந்தது" என்று அறிவித்துவிட்டார்கள், அது கோர்ட்டில் கிடக்கிறது. நமக்கும் அப்படி நடக்கலாம். ஆனால் தவணையை வெறுமனே நீட்டினால், ஏற்கெனவே பதிந்தவர்களுக்குத்தான் அது பொதுவாகச் செல்லும். அதனால் என் மகனாக இருந்தால் கடன் வாங்கியாவது போடச் சொல்வேன். படிப்பு விசா இதனால் போகாது, வகுப்பைக் குறைக்காமல் இருக்கும்வரை. குறைக்கிற யோசனை இருந்தால், கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைப் பார்க்கும் அலுவலரிடம் முதலில் கேட்கட்டும்.

நீல அட்டைக்குப் பயப்பட வேண்டாம். மகனிடம் பர்மா பாஸ்போர்ட் இருக்கிறது, அதுவே போதும். அட்டை எண்ணில் அடைப்புக்குறிக்குள் "நைங்" (முழுக் குடிமகன்) இருக்கிறதா, "ஏ" (இணைக் குடிமகன்) இருக்கிறதா என்று இங்கே ஒவ்வொரு கௌண்டரிலும் உற்றுப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை அங்கே இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன், மற்ற வாசகர்களுக்கு உதவும்: எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்கூட, கடைசியாக வழக்கமாக வசித்தது பர்மா என்றால் இந்தச் சட்டப்படி மனுப் போடலாம். 1982 குடியுரிமைச் சட்டத்துக்கு அப்புறம் மூன்று தலைமுறையாக இங்கேயே பிறந்தும் வெளிநாட்டார் பதிவு அட்டையோடு அலைகிற நம் குடும்பங்களுக்கு, அமெரிக்கச் சட்டம் ஒன்றில் இப்படி ஒரு வரி இருப்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்புறம் பெயர். ரங்கூன் பன்சொடான் தெருவில் முப்பது வருடமாக மொழிபெயர்த்து டைப் அடிக்கிறவன் என்பதால் இதில் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பப் பட்டியலில் (66/6 படிவம்) மகன் பெயர் "சண்முகம் (க) ஜோ மின்" என்று இருக்கிறது. அந்த "க", பர்மிய மொழியில் "என்று அழைக்கப்படும்" என்பதன் சுருக்கம். நம் கல்யாணப் பத்திரிகையில் (எ) என்று போடுகிறோமே, அதேதான். சில வருடம் முன்பு பகோ பையன் ஒருவனுக்கு அவசரத்தில் அதை இனிஷியல் மாதிரி "கே" என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் ஒருவன், பட்டியலில் வேறொருவன் என்று ஆகிவிட்டது. கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது, அந்தப் பையனுக்கு இரண்டு மாதம் வீண். தப்பு முழுக்க என்னுடையது. காசு வாங்காமல் திரும்ப அடித்துக் கொடுத்தேன், ஆனால் அவன் அம்மா அப்புறம் என் மேசைப் பக்கம் வரவேயில்லை.

ஆகவே மகனிடம் சொல்லுங்கள்: பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் மனுவின் பெயர். மனுவில் "பிற பெயர்கள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் சண்முகத்தை எழுதட்டும். மறைத்தால்தான் சிக்கல். எஃப்.என்.யு. என்றால் "முதல் பெயர் தெரியாது" என்று அர்த்தம். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை. அதனால் ஜோ மின் முழுவதையும் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு, காலியான இடத்தை இப்படி நிரப்பிவிடுகிறார்கள். பாதிப் பர்மா அமெரிக்காவில் எஃப்.என்.யு.தான், சிரித்துவிட்டு விடச் சொல்லுங்கள்.

பிறப்புச் சான்றின் மொழிபெயர்ப்பை நானே செய்ய வேண்டும் என்றில்லை. இரண்டு மொழியும் தெரிந்த யாரும் செய்து, "முழுமையானது, சரியானது, எனக்கு இரண்டு மொழியும் தெரியும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஏற்பார்கள். நோட்டரி வேண்டாம். மகனின் அறைத்தோழனே போதும். (என் பிழைப்பை நானே கெடுத்துக்கொள்கிறேன்.) அங்கே இருந்ததற்கு ஆதாரமாகக் கல்லூரிப் பதிவு, வாடகை ரசீது, வங்கிக் கணக்கு எல்லாம் தேதியோடு சேர்க்கட்டும். போலீஸ் வழக்கு எதுவும் இருந்தால் வக்கீலைப் பார்க்காமல் மனுப் போடவே கூடாது.

நீங்கள் அனுப்பிய பட்டியல் படத்தில் இடது ஓரம் வெட்டுப்பட்டு வரிசை எண்ணே தெரியவில்லை. கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து, மடிப்பை நீவிவிட்டு, நாலு மூலையும் விழுகிற மாதிரி எடுத்து மகனுக்கு அனுப்புங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து.